மாமனார் பெயரில் ஒரு காலடி

கதம் குடும்பத்தின் தலைமுறைப் பட்டியலில் மருமகள்களின் பெயர் எழுதப்படுவதில்லை. தகப்பன், அவன் தகப்பன், அவனுக்கும் தகப்பன் என்று ஏழு தலைமுறைக்கு ஆண்களின் பெயர்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்களுக்கோ இன்னொரு விதி இருந்தது: பட்டியலில் உள்ள ஆண்களின் பெயரை அவர்கள் வாயால் சொல்லக் கூடாது. ஆக, எழுதப்படாதவர்கள் எழுதப்பட்டவர்களை உச்சரிக்காமலே வாழ்ந்து முடித்தார்கள். பல தலைமுறைகளாக இதனால் யாருக்கும் பெரிய சேதம் நேர்ந்ததாகத் தெரியவில்லை. 1993ஆம் ஆண்டுக் கோடையில், கிர்கிஸ் நாட்டின் பிஷ்கெக் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், அனார்குல் என்ற மருமகள் இந்த விதியால் தன் ஐந்தாண்டுப் படிப்பை இழக்கும் நிலைக்கு வந்தாள்.

அவள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கதமின் மகன் மிக்திபெக்கை மணந்து அந்த வீட்டுக்கு வந்தவள். வந்த முதல் வாரத்திலேயே மாமியார் அவளைச் சமையலறையில் உட்கார வைத்து, சொல்லக் கூடாத பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார். அது சுலபமான பாடமாக இல்லை. சொல்லிக் கொடுத்த மாமியாரும் ஒரு காலத்தில் மருமகளாக வந்தவர்தான். அவரும் அந்தப் பெயர்களைச் சொல்லக் கூடாது.

"குன்றடியில கொப்புளிக்குமே, குனிஞ்சு அள்ளிக் குடிப்போமே, அதுதான் உன் சின்ன மாமனாரு."

புலாக், அதாவது ஊற்று, என்று அனார்குல் புரிந்துகொண்டாள்.

"நடக்கறப்ப ஒண்ணு பின்னால நிக்கும், ஒண்ணு முன்னால போகும். அப்படி எடுத்து வைக்கறோமே, அதுதான் உன் மாமனாரு."

கதம். கிர்கிஸ் மொழியில் கதம் என்றால் காலடி. பழைய தமிழில் அதே ஒலிக்குச் சினம் என்று பொருள். அனார்குலின் வாழ்க்கையில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகிச் சேரச் சில ஆண்டுகள் பிடித்தன.

அப்போது அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அவள் தாயும் தன் மாமனார் பெயரை விழுங்கியே வாழ்ந்தவள். மேலும், பல்கலைக்கழகத்தில் பாடமெல்லாம் ரஷ்ய மொழியில் நடந்தது. ரஷ்ய மொழியில் காலடிக்கு 'ஷாக்' என்று பெயர். அந்தச் சொல்லில் எந்த மாமனாரும் குடியிருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு செருப்பு, வெளியே ஒரு செருப்பு என்பதுபோல இரண்டு மொழிகளையும் வாசலில் மாற்றிக்கொண்டு அவள் போய்வந்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட பாடம் எண்ணியல் முறைகள். ஓடும் ஆற்றை ஓடுவதாகப் பார்க்கக் கணினிக்குத் தெரியாது. இந்தக் கணத்தில் நீர் இவ்வளவு என்று கொடுத்தால், கொஞ்சம் தள்ளி ஒரு காலடி வைத்து, அங்கே எவ்வளவு என்று கணக்கிடும். அங்கிருந்து அடுத்த காலடி. இப்படித் தாவித் தாவித்தான் அது எதையும் கடக்கும். காலடி பெரிதானால் நடுவே நடப்பதைத் தாண்டிப் போய், விடை வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கும். மிகவும் சிறிதானால் ஒவ்வொரு முறையும் கடைசி இலக்கத்தில் உதிரும் துணுக்குகள் சேர்ந்து சேர்ந்து விடையை அரித்துவிடும். கணினியும் முடிவில்லாமல் முனகிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு காலடி வைப்பது என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர்நிலை. மலையில் பனி உருகும் பருவத்தில் அணைக்கு வந்து சேரும் நீரைக் கணக்கிட அனார்குல் ஒரு நிரல் எழுதினாள். வெயில் ஏறி நீர் திடீரென்று பெருகும் வேளையில் அந்த நிரல் தானே தன் காலடியைப் பாதியாக்கிக்கொள்ளும். குளிர்ந்து அடங்கியதும் மறுபடி நீட்டிக்கொள்ளும். நீர்வளத் துறையின் கணினி மையத்தில் அதைப் பார்த்தவர்கள், பட்டத்தோடு வந்தால் ஜூலையில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

எம்மா கென்ரிகோவ்னா என்ற ஜெர்மானியப் பேராசிரியை அவளுக்கு வழிகாட்டி. அந்த ஆண்டு பிப்ரவரியில், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து, இப்போது கூட்டம் கூட்டமாக ஜெர்மனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தம் மக்களோடு அவரும் போய்விட்டார். வழிகாட்டி இல்லாத மாணவி துறைத் தலைவரின் கைக்கு வந்தாள். அவர் பெயர் போரூபாய்.

நாடு தனி நாடாகி இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. அறிவியலும் இனித் தாய்மொழியில் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். போரூபாய் பேசியதோடு நிற்கவில்லை. கலைச்சொல் குழு ஒன்றுக்குத் தலைவராகி, கணிதச் சொற்களுக்கெல்லாம் கிர்கிஸ் சொல் நிர்ணயித்துப் புத்தகமாக அச்சிட்டும் இருந்தார். மார்ச் மாதம் அவளைத் தம் அறைக்கு அழைத்தார்.

"மகளே, இந்த வருஷம் நம்ம துறையில முதல் தடவையா ஒரு ஆய்வுரை நம்ம மொழியில நடக்கப் போகுது. நீதான் பண்றே. பல்கலைக்கழகத் தலைவர் ரெக்டரே வர்றாரு. பத்திரிகைக்காரங்க வர்றாங்க. உன் மாமனார் மாமியாரக் கூட்டிட்டு வா, முன்வரிசையில உக்கார வைப்போம்."

"நான் ரஷ்ய மொழியில எழுதி முடிச்சுட்டேனே, அகாய்." ஆசிரியர்களை அங்கே அகாய் என்றுதான் அழைப்பார்கள்.

"மாத்தி எழுது. ஏன், தாய்ப்பால் கசக்குதா?"

"கசக்கல. ஒரு சொல் என் வாயில வராது."

"எந்தச் சொல்?"

அவள் அவருடைய மேசையில் கிடந்த தாளில், கணக்கில் காலடியைக் குறிக்கும் h என்ற எழுத்தைப் போட்டுக் காட்டினாள். "இது. உங்க புத்தகத்துல இதுக்கு வச்சிருக்கிற பேரு எங்க மாமனார் பேரு."

போரூபாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "அட மகளே! நூற்றாண்டே முடியப் போகுது, கணினி முன்னால உக்காந்துக்கிட்டு மாமனார் பேரச் சொல்ல மாட்டேங்கறே. இது அறிவியல்மா, அடுப்படி இல்ல."

"உங்க வீட்டம்மா உங்க அப்பா பேரச் சொல்லுவாங்களா, அகாய்?"

சிரிப்பு நின்றது. "அது வீடு," என்றார். "இது துறை. போய் வேலையப் பாரு."

அனார்குலுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பதில்லை, அடிவயிற்றில் இருக்கும். மேலே வர நேரம் பிடிக்கும், வந்தால் போக அதைவிட நேரம் பிடிக்கும். அன்று அறைக்கு வெளியே வந்தபோது அது கிளம்பியது. தாய்மொழி தாய்மொழி என்று மேடையில் முழங்குகிற மனிதர், அந்த மொழியை அன்றாடம் வாயில் வைத்திருக்கும் பெண்களுக்கு அதில் எத்தனை கதவுகள் சாத்தியிருக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசித்ததுண்டா? இத்தனை காலம் ரஷ்ய மொழியில் தடையில்லாமல் பேசிய கணக்கின் வாயை, சொந்த மொழி வந்து பொத்தியது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் எல்லார்மேலும் கோபப்பட்டாள்.

முதலில் அவள் கண்டுபிடித்த வழி, சொல்லை விட்டுவிட்டு எழுத்தைச் சொல்வது. அந்த h என்ற எழுத்தை ரஷ்யக் கணித வழக்கில் 'ஆஷ்' என்று வாசிப்பார்கள். ஒரு வியாழக்கிழமை மாலை, உரையைக் கிர்கிஸ் மொழியில் உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். அடுத்த அறையில் மாமியார், இறந்தவர்களுக்கு மணம் எட்டட்டும் என்று எண்ணெய் காய வைத்து, போர்சோக் என்ற மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தார். வியாழன்தோறும் செய்வது அது.

"வெயில் ஏறும்போது ஆஷைப் பாதியாக்குவோம். போதாவிட்டால் அந்த ஆஷையும் பாதியாக்குவோம்," என்றாள் அனார்குல்.

எண்ணெய்க் கரண்டியோடு மாமியார் வாசலில் நின்றார். கிர்கிஸ் மொழியில் ஆஷ் என்றால், ஒருவர் செத்து ஓராண்டு ஆனதும் ஊரைக் கூட்டிப் போடும் விருந்து.

"ஏய் கெலின்! யாரு செத்தாங்கன்னு ஆஷ் போடறே?" மருமகளைக் கெலின் என்றுதான் அவர் கூப்பிடுவார்.

"ஐயோ எனே, அது எழுத்து..." மாமியாரை அவள் எனே என்பாள்.

"வியாழக்கிழமையும் அதுவுமா, அடுப்புல எண்ணெய் காயறப்ப! உன் மாமனாரு இன்னும் பல்லால ஆட்டு எலும்பக் கடிக்கறாரு. அதுக்குள்ள ஆஷு. அதுலயும் பாதி! முழுசாப் போடக் கூட மனசு வரல உனக்கு!"

"எனே, இது கணக்கு. அந்தப் பேரச் சொல்லக் கூடாதுன்னுதானே எழுத்தச் சொன்னேன்!"

"எந்தப் பேர?"

"அதத்தான் சொல்லக் கூடாதே!"

அன்று அனார்குல் ஒரு தட்டை உடைத்ததாக மிக்திபெக் சொல்வான். தட்டு ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது என்பது மாமியார் தரப்பு. உடைந்ததில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மிக்திபெக், தலைக்குமேல் இரண்டு மின்கம்பிகளைத் தொட்டபடி ஓடும் டிராலிபஸ் ஓட்டுபவன்; சண்டை என்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளும் சுபாவம். "அவங்ககிட்ட ஒரு வார்த்தை நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று அவள் கேட்டதற்கு, "ரெண்டு கம்பிக்கு நடுவுல கைய வச்சா நான்தான் கருகுவேன்," என்றான். அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரிக்கவும் செய்தான். அவள் சிரிக்கவில்லை.

இதில் விந்தை ஒன்று உண்டு. இத்தனை ரகளைக்கும் காரணமான கதமுக்கு எதுவுமே தெரியாது. அவர் மலைக் கணவாயில் முப்பது டன் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். லாரி ஹாரனைப் போன்ற குரல். மருமகள் கணினியில் தண்ணீர் அளக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். ஆனால் அவள் ஆய்வு எதைப் பற்றியது என்று அவரிடம் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. மாமியார் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. அனார்குல் சொல்லக் கூடாது. மகன் தகப்பன் பெயரைத் தகப்பன் முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை இல்லை. ஆகவே அவர் ஒருவர் மட்டும் நிம்மதியாக இருந்தார்.

வழி, கடைசியில், மாமியார் வாயிலிருந்தே வந்தது. "அந்த வாளிய ரெண்டு அத்தம் தள்ளி வை," என்றார் ஒருநாள் முற்றத்தில். அத்தம் என்பது ஒரு தடவை காலைத் தூக்கித் தாண்டும் தூரம். நாம் ஓர் எட்டு வைத்தான் என்போமே, அது. அந்த வீட்டுப் பெண்கள் காலடி என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அத்தம் என்றே சொல்லிவந்தார்கள் என்பதை அனார்குல் அன்றுதான் கவனித்தாள். பல பெண்கள் பல காலம் புழங்கிய நல்ல சொல். கணக்குக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. ஆய்வேடு முழுவதையும் அத்தம் என்று மாற்றித் தட்டச்சு செய்து, போரூபாயின் மேசையில் வைத்தாள்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, அத்தம் வந்த இடமெல்லாம் அடித்தார்.

"அத்தம்னா ஆட்டுக்குட்டி வாய்க்காலத் தாண்டறது. கணிதத்துல அப்படி ஒரு சொல் இல்ல."

"உங்க புத்தகத்துல இல்ல, அகாய். மொழியில இருக்கு."

"குழு உக்காந்து தீர்மானிச்ச சொல்ல நீ மாத்துவியா? நாளைக்கு ஒவ்வொரு கெலினும் வந்து என் மாமனார் பேரு கோடு, என் கொழுந்தன் பேரு வட்டம்னு நின்னா நான் என்ன பண்றது? கேட்டுக்க. சபையில நீ அத்தம்னு சொன்னா, கலைச்சொல் தெரியலன்னு எழுதி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிருவேன். அந்தக் கணினி மையம் உனக்காக ஒரு வருஷம் நாற்காலியத் துடைச்சு வச்சுக்கிட்டு காத்திருக்குமா, பாத்துக்க."

உடன் படித்த வெனேரா அவளைத் தேநீர்க் கடைக்கு இழுத்துப் போய்ப் பேசிப் பார்த்தாள். "ஒரு தடவ சொல்லித் தொலையேன்டி. நாக்கு என்ன அழுகிடவா போகுது?"

"அவரு முன்வரிசையில உக்காந்திருப்பாரு."

"இருந்தா?"

"நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியுமா? பெரிசா இருந்தா கெடுதல்ங்கப் போறேன். பாதியா வெட்டணும்ங்கப் போறேன். ரொம்பச் சிறிசானா எதுக்கும் உதவாதுங்கப் போறேன். ஒரு மனுஷன கூட்டத்துல உக்கார வச்சு, அவரு பேரச் சொல்லி இதெல்லாம் சொல்லணுமா நான்? பேரச் சொல்றதக் கூட விடு. அந்த வாக்கியங்கள என்ன பண்றது?"

வெனேரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பிறகு தோழியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஜூன் மாதம், ஆய்வுரை நாள். அரங்கின் முகப்பில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: 'கதமைத் தானே தேர்ந்துகொள்ளும் கணிப்பு முறை'. தலைப்பைப் போரூபாயே திருத்தி எழுதியிருந்தார். புதிய வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு வந்த கதம் அதை ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார். முதுகு நிமிர்ந்தது.

"கிழவி, பாத்தியா?" என்றார் மனைவியிடம், தம் வழக்கமான ரகசியக் குரலில். அது பின்வரிசை வரைக்கும் கேட்டது. "மருமக என் பேர வச்சிருக்கா ஆராய்ச்சிக்கு!"

"பேசாம உக்காருங்க," என்றார் மாமியார், தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு.

"என்னத்துக்குப் பேசாம? அங்க தொங்குது பாரு, முழம் உசரத்துக்கு!"

அனார்குல் அதைக் கேட்டாள். அவருடைய அந்தச் சந்தோஷம் அவளை உலுக்கியது. வரைபடத்தைச் சுட்டும் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். சொல் வரும் இடங்களிலெல்லாம் வரைபடத்தில் இருந்த எழுத்தைக் கம்பால் தொட்டு, "இது" என்றாள். இது பெரிதானால் விடை சிதறும். இதை நிரலே சரிபார்த்துக்கொள்ளும். நீர்வளத் துறையிலிருந்து வந்திருந்த பொறியாளர்கள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ரெக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். உரை முடிந்தது. கேள்வி நேரம் வந்தது.

"எதையோ தொட்டுத் தொட்டு இது இதுன்னே," என்றார் போரூபாய். "எது? அதுக்குப் பேரு கிடையாதா?"

"அத்தம், அகாய்."

"அத்தம்னு ஒரு கலைச்சொல் கிடையாது. மேல தலைப்புல தொங்குதே, அதப் படி."

அவள் படிக்கவில்லை. போரூபாய் பத்திரிகைக்காரர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சபைக்குச் சுவை கூட்டுகிறவர்போல் குரலை மாற்றினார். "சரி, நானே கேக்கறேன். கதம் பெரிசா இருந்தா உனக்கு என்ன கஷ்டம்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்வரிசைப் பெரியவரின் பெயர் இதற்குள் அரங்கத்துக்கே தெரிந்திருந்தது, அவரே அறிவித்திருந்தாரே.

"கதம எத்தன தடவ வெட்டினா உனக்குத் திருப்தி?"

இப்போது பாதி அரங்கம் சிரித்தது. கதமும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு வரைபடத்தைப் பார்த்தார், தலைப்பைப் பார்த்தார், சிரிக்கிறவர்களின் கண்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தார். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். காதுகள் மட்டும் சிவந்து வெளியே தெரிந்தன.

அனார்குலின் அடிவயிற்றில் மார்ச்சிலிருந்து கிடந்தது மேலே வந்துசேர்ந்தது. கம்பைக் கீழே வைத்தாள்.

"அகாய், என் ரெண்டாவது அத்தியாயத்துல நான் தாமிர் தேடறேன்."

தாமிர் என்றால் வேர். சமன்பாட்டின் மூலத்தையும் அந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். துறைத் தலைவரின் அறைக் கதவில் போரூபாய் தாமிரோவிச் என்று, தகப்பன் பெயரும் சேர்த்துப் பலகை மாட்டியிருந்தது.

"தாமிர் எங்க ஒளிஞ்சிருக்குன்னு முதல்ல தெரியாது. ரெண்டு பக்கமும் வேலி கட்டி மடக்கறேன். நடுவுல வெட்டறேன். எந்தப் பாதியில பதுங்குதோ அந்தப் பாதிய மறுபடி வெட்டறேன். தப்பிச்சுப் போக இடமில்லாம ஆகற வரைக்கும் வெட்டறேன். சில சமயம் தாமிரே பொய்னு தெரிய வரும், தூக்கி எறிஞ்சுடறேன். இதையெல்லாம் இப்பதான் இங்க நின்னு சொன்னேன். யாராவது சிரிச்சீங்களா? அது உங்க அப்பா பேருன்னு எனக்குத் தெரியும். இங்க இருக்கிற அத்தன பேருக்கும் தெரியும். நான் அந்தச் சொல்லக் கணக்காத்தான் சொன்னேன், உங்க அப்பாவா சொல்லல. இப்பச் சிரிக்கட்டுமா அகாய்?"

போரூபாயின் முகம் வெளுத்து, பிறகு கறுத்தது.

"இது ஆய்வுரையா, சந்தைச் சண்டையா? கேட்ட கேள்விக்கு பதில் சொல்லு. உரிய சொல்லோட சொல்லு. இல்லன்னா இறங்கிப் போ. அடுத்த வருஷம் வா."

நாற்காலி ஒன்று தரையில் கிறீச்சிட்டது. கதம் எழுந்து நின்றார்.

"தலைவரே, அந்தப் பேரு என்னுது. அதச் சொல்ல நான் யாரு அனுமதியும் கேக்க வேண்டியதில்ல. மருமக கம்பால காட்டட்டும். பேர நான் சொல்றேன்."

"பெரியவரே, அப்படி வழக்கம் இல்ல."

"மாமனார முன்னால உக்கார வச்சு, மருமக வாயாலயே அவன வெட்டச் சொல்லி வேடிக்கை பாக்கறது மட்டும் எந்த ஊரு வழக்கம்? ஏ கெலின், கம்ப எடு."

போரூபாய் ரெக்டரைப் பார்த்தார். ரெக்டர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டு, "நடக்கட்டும்," என்றார்.

அனார்குல் கம்பை எடுத்தாள். "வெயில் ஏறும்போது," என்று தொடங்கி எழுத்தைத் தொட்டாள்.

"கதம்!" என்று லாரி ஹாரன் முழங்கியது.

"பெரிசா இருந்தா, நீர் பெருகற வேகத்த நிரல் தவறவிட்டுடும். விடை சிதறும். அதனால ஒரு முழுக் கணக்கும் ரெண்டு அரைக் கணக்கும் போட்டு ஒப்பிடறோம். வித்தியாசம் வரம்பத் தாண்டினா..." தொட்டாள்.

"கதம்!"

"...ஐப் பாதியாக்கறோம்."

பெயரை அவர் சொன்னார். வேற்றுமை உருபை மட்டும் அவள் ஒட்டினாள். ஒவ்வொரு முறை முழங்கும்போதும் அவர் போரூபாயை நேராகப் பார்த்தே முழங்கினார். பொறியாளர்கள் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். அவற்றுக்கும் அப்படியே பதில் வந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அவளுக்கு 'மிக நன்று' என்ற தரம் கிடைக்கவில்லை, 'நன்று' கிடைத்தது. கலைச்சொற்களைக் கையாள்வதில் குறை என்று காரணம் எழுதியிருந்தார்கள். பட்டம் பட்டம்தான், ஜூலையில் அவள் கணினி மையத்தில் சேர்ந்தாள். அங்கே அவள் எழுதிய நிரல்கள் எல்லாவற்றிலும் காலடிக்கு அத்தம் என்றே பெயரிட்டாள். அவளுக்குப் பின் வந்தவர்களும் காரணம் கேட்காமல் அப்படியே எழுதினார்கள்.

ஆனால் அன்று மாலை வீடு திரும்பியபோது அவள் கோபம் தணிந்திருக்கவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பட்டமாக் கொடுத்திருக்கலாம்," என்று வேடிக்கை பேசிய மிக்திபெக், அவள் பார்த்த பார்வையில் வாசல் கதவுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டான். மேசையில் இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. கதம் நன்றிச் சொல்லை எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"என்ன, பட்டம் வாங்கியும் மூஞ்சி இப்படி இருக்கு?"

"என் பதில நீங்க சொன்னீங்க, அதா." மாமனாரை அவள் அதா, அதாவது தகப்பனே, என்றுதான் அழைப்பாள். "எனக்காகத்தான் சொன்னீங்க, தெரியும். ஆனா என் வேலையோட பேரு என் வாயில இல்ல, உங்க வாயில இருக்கு. இதுக்கு நான் பல்லக் காட்டணுமா?"

"வாய மூடு கெலின்," என்றார் மாமியார்.

"பேசட்டும், விடு. என்ன வேணும் உனக்கு? என் பேரச் சொல்லணுமா? சொல்லிக்க. நான் முற்றத்துக்குப் போய் நிக்கறேன்."

"நீங்க அந்தப் பக்கம் போனதும் சொல்றதுக்கு அது என்ன திருட்டா? சொல்ல மாட்டேன். இன்னிக்கு அவரு அவ்வளவு மிரட்டியும் சொல்லாதவ, உங்க சமையலறையில எதுக்குச் சொல்லப் போறேன்? நீங்க எழுதுங்க."

"என்னத்த?"

"என் பேர. அந்தத் தலைமுறைப் பட்டியல்ல, உங்க மகன் பேரு பக்கத்துல."

கதம் எலும்பைத் தட்டில் வைத்தார். "பொம்பளப் பேரு அதுல எழுதற வழக்கம் இல்லியே."

"மருமகளுக்கு பதிலா மாமனாரு எழுந்து ஆய்வுரை சொல்றதும் வழக்கம் இல்ல."

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பெயரும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, பட்டியலை எடுத்து வந்து மேசையில் வைத்தவர் அவர்தான். கணவருடைய மூக்குக் கண்ணாடியையும் அதன்மேல் வைத்தார்.

கதம் வெகுநேரம் பேனாவை உதறினார். மை வரவில்லை என்றார். பிறகு வந்தது. லாரிக்காரக் கையெழுத்தில், பெரிது பெரிதாக, மிக்திபெக் என்ற பெயரை ஒட்டி எழுதினார். அனார்குல் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். 'அனார்' என்று எழுதி முடித்து மூடியைப் போட்டிருந்தார்.

"குல் எங்க?"

"தாள் முடிஞ்சு போச்சு. ஓரத்துல இடமில்ல. அனார்னா யாருன்னு தெரியாதா என்ன?"

"அடுத்த வரியில எழுதுங்க," என்றாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது. "பாதியா வெட்டறது என் தொழில், அதா. உங்க தொழில் இல்ல."

பட்டியலில் இன்றும் 'குல்' மட்டும் தனியாக, அடுத்த வரியில் இருக்கிறது.